நாலாம் தூக்கம்

ஜூலை 25, வெள்ளி

புழு வந்துவிட்டது. காலையிலிருந்து கொட்டகையைக் கூட்டி, கழுவி, மருந்து தெளித்து, மறுபடியும் கழுவியாயிற்று. என் கல்யாணத்துக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு சுத்தம் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் பூபதி இளம்புழு மையத்தில் தட்டுகளை வாங்கி, வேனில் ஏற்றி, குலுங்கக் கூடாதென்று தானும் பின்னால் புழுவோடு உட்கார்ந்து வந்தார். மகள் குட்டி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த மனிதர் இவர்.

பட்டுப்புழு நான்கு முறை தூங்கும். ஒவ்வொரு தூக்கத்திலும் தோலை உரித்துவிட்டுப் பெரிதாக எழுந்திருக்கும். முதல் இரண்டு தூக்கத்தை மையத்துக்காரர்கள் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் தூக்கமும் நாலாம் தூக்கமும் எங்கள் தலையில். நாலாம் தூக்கம் தெளிந்ததும் ஒரு வாரம் அசுரத் தீனி தின்னும், பிறகு கூடு கட்டும். கூட்டை அங்காடியில் போட்டால் எங்கள் வேலை முடிந்தது.

போன வருடம் கூடு கட்டும் நேரத்தில் சுண்ணாம்பு நோய் வந்து எல்லாம் வெள்ளையாக விறைத்துப் போயின. சித்திரையில் வெயில் கொண்டுபோயிற்று. இது மூன்றாவது முறை. இதுவும் போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விடுவதென்று சாமி படத்துக்கு முன்னால் பேசி வைத்திருக்கிறோம். அங்கே என் அண்ணன் பனியன் கம்பெனியில் இவருக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்.

"முழு வெள்ளாமை வந்தா இருக்கலாம் புள்ள. ஒரு அடுக்கு கொறஞ்சாலும் நீ சொன்னபடி போயிர்லாம். இது வாக்கு" என்றார் இவர்.

திருப்பூர் கேட்டது நான்தான். குழாயைத் திருப்பினால் தண்ணீர், தெருமுனையில் பள்ளிக்கூட வேன், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று. அதை ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஜூலை 26, சனி

கொட்டகைச் சட்டங்கள், இவர் வாயால்: செருப்பு வெளியே. சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே. பவுடர் கூடாது. செண்ட் கூடாது. ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி, வீட்டில் எந்த மூலையிலும் கூடாது. காற்று கொட்டகைப் பக்கம் அடிக்கும்போது மிளகாய் தாளிக்கக் கூடாது. இது ஆடி மாதம், காற்று எந்நேரமும் கொட்டகைப் பக்கம்தான் அடிக்கிறது.

"அப்ப குழம்பு?" என்று கேட்டேன்.

"மோர்ச் சோறு நல்லதுதான?"

குட்டிக்கு மூன்றரை வயது. தன்விகா என்பது ரேஷன் கார்டில் இருக்கிற பெயர். அவளுக்கும் ஒரு சட்டம் உண்டு: கையைக் கழுவிக்கொண்டு, ஒரே ஒரு விரலால், கீழடுக்கில் ஒரே ஒரு புழுவைத் தொடலாம். தினமும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொட்டுவிட்டு, "மத்ததெல்லாம் அழுவுது" என்கிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

மூன்றாம் தூக்கம்.

நேற்று மாலைவரை இலையைக் கடித்துக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. இன்று காலை கதவைத் திறந்தால் ஒரு சத்தமில்லை. இரண்டு பக்கமும் நான்கு நான்கு அடுக்கு, அவ்வளவு புழுவும் பின்பக்கத்தை இலையில் ஊன்றிக்கொண்டு, முன்பக்கத்தை நிமிர்த்தி, தலையைத் தூக்கி அப்படியே இருக்கின்றன. ஊதினாலும் அசைவதில்லை. கோயிலில் நடை திறக்கும் முன் கூட்டம் நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

போன இரண்டு முறையும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது நான் நின்று பார்த்ததில்லை, சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு வெளியே வந்துவிடுவேன். இன்று தூவி முடித்த பிறகும் நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

யார் இவற்றுக்கு நேரம் சொன்னது? இதை இவரிடம் கேட்டேன். "தெரியல புள்ள. நானும் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்" என்றார். புழுவைப் பற்றிய எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 30, புதன்

எழுந்துவிட்டன. பழைய தலை சிறிய மூடிபோலக் கழன்று கிடக்கிறது. தோல் தொளதொளவென்று, அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்ட தங்கை மாதிரி. இலை வெட்டி முதுகு கழன்றுவிட்டது. இன்று இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆடி நோம்பிக்கு மகளும் மருமகனும் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். எங்களால் எங்கே போக முடியும்? புழுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போக அது என்ன பூனைக்குட்டியா? அதனால் அண்ணனே திருப்பூரிலிருந்து சீர் கொண்டு வந்துவிட்டார். எனக்குச் சேலை, இவருக்கு வேட்டி, குட்டிக்கு இரண்டு பாக்கெட் வைத்த கவுன், தேங்காய், வெல்லம், பச்சரிசி. ஜெகதீசன் மாமா என்றால் குட்டிக்கு உயிர்.

அண்ணன் குட்டியின் கையிலும் காலிலும் இருந்த கொசுக்கடியை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். "டெங்கு எங்க பாத்தாலும் இருக்குது. கொசுவத்தி வெக்க மாட்டீங்க, ஒண்ணும் பண்ண மாட்டீங்க. புழு பெருசா, புள்ள பெருசா?"

"ரெண்டும் பெருசுதான் மச்சான்" என்றார் இவர்.

"மாப்ள, நான் தப்பாச் சொல்லல. வீடு பாத்து வெச்சிருக்கறேன். ரெண்டு ரூம்பு, ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்குது. ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

இவர் இலை வெட்ட நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார். வெயில் தலைக்கு மேல் இருந்தது, அந்த நேரத்தில் யாரும் இலை வெட்டுவதில்லை.

கிளம்பும்போது அண்ணன் பையிலிருந்து கொசுக் களிம்பு ஒன்றை எடுத்து, வாசலில் நின்றே குட்டியின் கையிலும் காலிலும் தேய்த்துவிட்டார். "தூங்கறப்பத்தான் கொசு கடிக்கும். மாமா போட்ட மாதிரி அம்மாவத் தினமும் போட்டுவிடச் சொல்லு, என்ன?" என்றார். பஸ் போனதும் நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முழங்கைவரை, முழங்கால்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கீழே இறக்கினேன். அந்தக் களிம்பு புழுவுக்கு ஆகாது. எனக்கும் இரண்டு வருடத்தில் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாலாம் தூக்கம். கடைசித் தூக்கம். இப்போது ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி நீளம். தோல் இழுத்துக் கட்டினாற்போல் பளபளக்கிறது. குட்டி கதவில் சாய்ந்துகொண்டு, "எப்ப எந்திரிக்கும்?" என்று காலையிலிருந்து கேட்டபடி இருந்தாள். நாளை சாயங்காலம் என்றேன்.

தூக்க நாளில் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. இவர் மோட்டாரைச் சரிபார்த்தார். நான் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துப் போட்டேன். மிளகாய் தாளித்து ரசம் வைத்தேன், காற்று ஒரு மணி நேரம் நின்றிருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் இவர்தான் முதலில் பார்த்தார். "கோகிலா, இங்க வா" என்றார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. போன இரண்டு முறையும் இதே குரலில்தான் கூப்பிட்டார். கையில் இருந்த பால் செம்பை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

மேல் அடுக்குகளில் எல்லாம் தலையைத் தூக்கியபடி அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கீழடுக்கில் ஓரத்தில் இருந்தவை தலையை இங்கும் அங்கும் ஆட்டின. சில பச்சையாகக் கக்கியிருந்தன. சில முறுக்கிக்கொண்டு பாதியாகச் சுருங்கிக் கிடந்தன.

"மருந்து" என்றார் இவர். "எங்கிருந்தோ மருந்து வந்துருக்குது."

பக்கத்துத் தோட்டம் செல்லமுத்து மாமாவுடையது, தக்காளி போட்டிருக்கிறார். நேற்று அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வேலிக்கு அருகே போய்விட்டார். மாமா வாயில் வேப்பங்குச்சியோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"நேத்துத் தக்காளிக்கு மருந்தடிச்சீங்களா?"

"இல்லியே. களையெடுத்தாங்க. ஏன்டா?"

"புழு சாவுது. உங்க காட்டுலிருந்து வராம வேற எங்கிருந்துங்க வரும்?"

"ஏன்டா பூபதி, உங்கிட்டச் சொல்லாம ஒரு சொட்டு அடிச்சிருப்பனா? பேசறதப் பாத்துப் பேசு."

"பொய் சொல்லாதீங்க மாமா."

இவர் மாமாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா குச்சியைத் துப்பிவிட்டுத் தன் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டார்.

நான் கொட்டகைக்குள் திரும்பி வந்தேன். எனக்கு ஒன்று இடித்தது. காற்றில் வந்த மருந்து மேலடுக்கை விட்டுவிட்டுக் கீழடுக்கை மட்டுமா தேடிப் பிடிக்கும்? குனிந்து பார்த்தேன். ஓரத்தில் இருந்தவைதான் துடித்தன. உள்ளே ஒரு முழம் தள்ளிப் போனால் நல்ல புழு. முழம்கூட இல்லை, அதற்கும் குறைவு. எதிர்ப்பக்கமும் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே அளவு. என் கையை நீட்டினால் அதைத் தாண்டிப் போகிறது.

குட்டி எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியவில்லை.

"அம்மா, புழுவுக்குக் கொசு கடிச்சுருச்சா?"

நான் திரும்பினேன்.

"நான் எல்லாத்துக்கும் மருந்து போட்டனே. தூங்கறப்பத்தான கொசு கடிக்கும்?"

கவுனின் இடது பாக்கெட்டிலிருந்து மாமாவின் களிம்பு டியூபை எடுத்துக் காட்டினாள். ஒரு துளி மிச்சமில்லாமல் பிதுக்கி, வாலிலிருந்து சுருட்டி வைத்திருந்தாள். அண்ணன் அதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அவள் கையைக் கழுவினேனே தவிர பாக்கெட்டைப் பார்க்கவில்லை. நேற்றுத் துணி துவைக்க நான் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் அடுக்கு நெடுக நடந்திருக்கிறாள். அண்ணன் அவள் காலில் எப்படித் தேய்த்தாரோ அப்படி, ஒரே ஒரு விரலால், ஒவ்வொரு புழுவாக.

அடிக்கவும் கை வரவில்லை, தூக்கவும் கை வரவில்லை. இவரைக் கூப்பிட்டேன். இவர் வந்து களிம்பைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். பிறகு அவள் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எல்லாப் புழுவுக்குமா போட்டீங்க சாமி?"

"கை எட்டுனதுக்கெல்லாம் போட்டேன். மேல இருக்கறதுக்கு நீ போடுவேன்னு விட்டுட்டேன்."

இவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "நல்லதுங் கண்ணு. இனி அப்பா பாத்துக்கறேன்" என்றார். எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் நேராக வேலிக்குத்தான் போனார். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் செல்லமுத்து மாமா இரண்டு பெரிய கூடைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தார். "மொதல்ல கீழடுக்கு மொத்தத்தையும் வெளிய எடுங்க. வாடை மேல ஏறாம" என்றார்.

எடுத்தோம். படுக்கையோடு, நல்லது கெட்டது பார்க்க நேரமில்லாமல், இரண்டு பக்கத்துக் கீழடுக்கும் காலி. குழி வெட்டிப் புதைத்துவிடலாம் என்றார் இவர். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அசையாதவை ஒரு பக்கம், அசைகிறவை ஒரு பக்கம். குட்டி பார்த்துக்கொண்டிருந்தாளே, அதற்காகத்தான்.

"அதுக பொழைக்காது கோகிலா."

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

சாயங்காலம் மேலடுக்குப் புழுக்கள் தூக்கம் தெளிந்து எழுந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, கீழே காலியாகக் கிடந்த பலகைகளைப் பார்த்து அழுவதா என்று தெரியாமல் இலையைப் போட்டுக்கொண்டே இருந்தேன். வாக்கு இருவருக்கும் நினைவிருந்தது. ஒரு அடுக்கு இல்லை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

வேப்பமரத்தடியில் நான்கு முறம், இரண்டு கூடை. புது இலை, நல்ல காற்று. பாதிக்கு மேல் செத்துவிட்டன. சில எழுந்து தோலை உரித்திருக்கின்றன. குட்டி அதற்குப் புழு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருக்கிறாள். தான் டாக்டராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அப்படியே பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று இரண்டு தடவை ஏமாந்தேன். வீட்டுக்குள் இருக்கும்போது தூறல் பிடித்துக்கொண்ட சத்தம். கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கொட்டகையில் புழு தின்கிற சத்தம். முதல் தடவை எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை துணியை எடுக்காமல் அங்கேயே நின்று கேட்டேன்.

நான்கு நாளுக்கு முன் அசையாமல் கிடந்தவையா இவை? கிளையோடு இலையைப் போட்டுவிட்டு நகர்வதற்குள் பச்சை மறைந்து குச்சி தெரிகிறது. ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. சண்டை போடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் கோபித்துக்கொள்வதில்லை. நாங்கள் இருவரும் விடிகாலை இலை வெட்டுகிறோம், மத்தியானம் வெட்டுகிறோம், பொழுதிறங்கி வெட்டுகிறோம். உட்கார்ந்து சாப்பிட்டு நாளாயிற்று. தலை சீவினேனா என்று குட்டிதான் சொல்ல வேண்டும்.

அண்ணன் போன் செய்தார். செப்டம்பர் முதல் தேதிக்கு வீடு காலியாகிறதாம். களிம்பைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆசையாக வாங்கி வந்தார், இதைக் கேட்டால் ஒரு வாரம் சோறு இறங்காது அவருக்கு. "சரிங்கண்ணா, பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்றுப் பிடித்த சாரல் விடவில்லை. ஆஸ்பத்திரியைத் திண்ணைக்கு மாற்றியாயிற்று. நிஜமான மழை. ஈர இலையைத் தின்றால் புழுவுக்கு வயிறு கெடும். வீட்டில் இருக்கிற துண்டு, வேட்டி, என் பழைய சேலை எல்லாவற்றையும் எடுத்துக் கிளை கிளையாகத் துடைக்கிறோம். ஆடி நோம்பிக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த புது வேட்டியும் இதில் அடக்கம். செல்லமுத்து மாமா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து துடைத்தார். குட்டி ஒரு கைக்குட்டையால் ஒரே இலையைக் காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையின் நடுவே இவர் சொன்னார், "திருப்பூர்ல இந்தப் பாடெல்லாம் இருக்காது உனக்கு."

ஆமாம் என்றேன். துடைத்த கிளையை எடுத்து நீட்டினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று சத்தம் நின்றுவிட்டது.

காலையில் போட்ட இலை அப்படியே கிடந்தது. பயந்து போய்க் கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். புழுக்கள் நிறம் மாறியிருந்தன. வெள்ளை போய் தேன் மாதிரி, ஊடே வெளிச்சம் தெரிகிறது. தலையைத் தூக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தன. "பழுத்துருச்சு புள்ள" என்றார் இவர்.

கூடு கட்டுவதற்கென்று மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கிறது. அதை விரித்து, பழுத்தவற்றைப் பொறுக்கி அதில் விட்டோம். கை முழுக்கப் புழு. குளிர்ந்த வயிறு, குட்டிக் கால்கள் விரலைப் பற்றிக்கொள்கிற பிடி. இவற்றைத் தொடவே அருவருத்தவள் நான்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்புக்குள் போய் இடம் பார்த்தது. தலையை இந்தப் பக்கம் வைத்தது, அந்தப் பக்கம் வைத்தது. வாயிலிருந்து ஒரு இழை. கண்ணுக்குத் தெரியாத இழை, வெளிச்சம் பட்டபோதுதான் தெரிந்தது. அறுந்து போகாமல் அந்த ஒரே இழையால் தன்னைச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் மெல்லிய திரைக்குள் தலை ஆடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது திரை கெட்டியாகிவிட்டது, உள்ளே நிழல்தான். அதற்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, கூடு கட்டி ஒருவரும் காட்டியதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, யாரும் இல்லாததால் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஆஸ்பத்திரிப் புழுக்கள் நேற்றுவரை தின்றுகொண்டிருந்து இன்றுதான் பழுத்தன. இவற்றுக்காக மட்டும் மூன்று நாளாகக் காட்டுக்குப் போய் இலை வெட்டி வந்தேன்.

"அதுக எந்தக் கணக்குலயும் வராது கோகிலா" என்றார் இவர்.

"வராட்டிப் போவுது."

ஆகஸ்ட் 20, புதன்

கூடு பறித்தோம். வெள்ளை வெளேரென்று, தட்டினால் கிண்ணென்று இருக்கிறது. இரண்டு வருடத்தில் எங்கள் கொட்டகையில் விளைந்த முதல் கூடு இது. இவர் ஒன்றைக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், பிறகு கீழடுக்கு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டோம்.

"இது எங்கம்மா போவுது?" என்று குட்டி கேட்டாள். சேலை நெய்யப் போகிறது என்றேன். உள்ளே இருக்கிற புழு என்ன ஆகும் என்று கேட்டாள். கொதிக்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வயதில்லை. எனக்கே அதை நினைக்கத் தெம்பில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் வேண்டும் ஒரு நாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அங்காடியிலிருந்து இவர் சாயங்காலம் திரும்பினார். கூடு தரமென்று சொன்னார்களாம். ஆஸ்பத்திரிக் கூடுகள் மட்டும் சப்பையாக இருக்கின்றன என்று ஒதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவை இருந்த பையை ஆணியில் மாட்டினேன்.

காப்பியைக் குடித்துவிட்டு இவர் சொன்னார், "நல்ல வெள்ளாமைதான். முழு வெள்ளாமை இல்ல. நான் பேச்சு மாறமாட்டேன் புள்ள. செல்லமுத்து மாமா நம்ம காட்டக் குத்தகைக்குக் கேக்கறார், தென்ன வெக்க. மல்பெரியப் புடுங்கிச் சுத்தம் பண்ணிக் குடுக்கோணும். அடுத்த வெள்ளிக்கு டிராக்டர் சொல்லியாச்சு."

நான் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நான் கேட்டதுதானே இது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பாத்திரம் கட்ட ஆரம்பித்தேன். பெரிய அண்டாவைப் பாதி கட்டிவிட்டு அவிழ்த்துவிட்டேன், தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து படபடவென்று ஒரு சத்தம். பல்லியாக இருக்கும் என்று பையைக் கீழே கொட்டினேன்.

பூச்சி. வெள்ளைப் பூச்சி. ஒரு கூட்டின் நுனி ஈரமாகி, நூல் விலகி, அதிலிருந்து ஒன்று தலையை நுழைத்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே வந்தவை நான்கைந்து, கசங்கிய சிறகை விரித்துக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் மாவு பூசினாற்போல் வெள்ளை, சீப்புமாதிரி இரண்டு மீசை.

இவரைக் கூப்பிட்டேன். இவர் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் இத நேர்ல பாத்ததே இல்ல" என்றார். நானும் பார்த்ததில்லை. புழு வளர்க்கிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை, அதற்குள் கூடு அங்காடிக்குப் போய்விடும். இரண்டு வருடமாகப் பாதிக் கதைதான் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "தொடலாமா?" என்று கேட்டாள். இவர் அவள் கையைக் கழுவித் துடைத்து, விரலை நீட்டச் சொன்னார். ஒன்று அதில் ஏறி நின்று சிறகை அடித்துக்கொண்டது. பறக்கத் தெரியாது அதற்கு, இருந்தாலும் அடித்துக்கொண்டே இருந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கக்கிச் சுருண்டு கிடந்தவை இவை. குழி வெட்டிப் புதைக்கவிருந்தவை. வேப்பமரத்தடியில் நான் பொறுக்கியவை.

அடுப்பில் என்ன இருந்தது என்பதை மூவரும் மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு மல்பெரிக் காட்டுக்குப் போனேன். அவசர அவசரமாக இலைக்கு வெட்டியதில் செடிகள் மேலும் கீழுமாக, பிளந்தும் சிதைந்தும் நின்றன. அடுத்த துளிர் நன்றாக வர வேண்டுமென்றால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மட்டமாகக் கவாத்து செய்துவிட வேண்டும். வெட்டிய இடத்தில் பால் துளிர்த்தது. இரண்டு வரிசை முடித்திருந்தேன், இவர் வந்து வரப்பில் நின்றார்.

"டிராக்டர் வர்ற நேரமாச்சு" என்றார்.

"வரட்டும்."

"புடுங்கப் போற செடிக்கு எதுக்குப் புள்ள கவாத்து?"

நான் அடுத்த செடிக்குப் போனேன்.

"கோகிலா, நான் வாக்குக் குடுத்திருக்கறேன்."

"எனக்குத்தான குடுத்தீங்க. எனக்கு வேண்டாமுங்க."

இவர் வரப்பை விட்டு இறங்கினார். திரும்பிப் போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அரிவாளோடு வந்து, என்னைப் பார்க்காமல், பக்கத்து வரிசையில் குனிந்து வெட்ட ஆரம்பித்தார். குட்டி வெட்டிய குச்சிகளை இழுத்து வரப்பில் போட்டாள்.

டிராக்டர்காரர் வந்து வண்டியை நிறுத்தாமலே, "எந்தப் பக்கத்துலிருந்துங்க புடுங்கோணும்?" என்று கேட்டார். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால எரு கெடக்குதுங்க" என்றேன் நான். "அதக் கொண்டாந்து இந்தக் காட்டுல கொட்டிட்டுப் போங்க."